பேசாத ஜாரின் ரொட்டி அட்டை

புரட்சி வந்த மூன்று வருடத்தில் எங்கள் அரங்கத்துக்கு நான்கு பெயர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் வாசல் பலகை மாறியது. கூரை ஒழுகல் மட்டும் அப்படியே இருந்தது. புதுத் தாள் கிடைக்காததால் ஜார் காலத்துத் தாளிலேயே கடிதம் எழுதினோம். மேலே அச்சடித்திருந்த அரச சின்னமான இரட்டைத் தலைக் கழுகை மையால் அடித்துவிட்டு, 'பேரரசின் ஓபரா, பாலே அரங்கம்' என்பதற்கு முன்னால் 'முன்னாள்' என்று சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. கட்டடத்துக்கு அந்த வார்த்தையால் நஷ்டமில்லை. மனிதன் மேல் ஒட்டினால்தான் ஆபத்து. பெத்ரோகிராத் நகரத்தில் அந்தக் குளிர்காலத்தில் ஒருவனை 'முன்னாள் ஆள்', அதாவது பழைய ஆட்சிக்காரன், என்று எழுதிவிட்டால் அவன் ரொட்டி அட்டை போய்விடும்; அதோடு ரேஷனும்.

நான் அங்கே உடுப்பு அறைக்காரி. இருபத்திரண்டு வருடமாகப் பாடகர்களின் தொப்பையை இடுப்புப் பட்டைக்குள் திணித்தவள். எத்தனையோ மடையர்களுக்குப் பொத்தான் மாட்டியிருக்கிறேன். ஆனால் எவ்சேய் கொலுபாயெவ் மாதிரி ஒருவரைப் பார்த்ததில்லை.

எவ்சேய் வசனமில்லாத வேஷக்காரர். பழைய ஓபரா ஒன்றில் கடைசிக் காட்சியில் ஜார் வருவார். மேடையில் ஜார் பாடக்கூடாது என்பது எங்கள் அரங்கத்தின் வழக்கம். சுருதி தப்பினால் அரசருக்கல்லவா அவமானம்! அதனால் நல்ல உயரமும் தாடியும் உள்ள எவ்சேயைப் பிடித்து நிறுத்தினார்கள். பத்தொன்பது வருடம் நின்றார்.

இப்போது எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'புரட்சிக்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள்?' என்று ஒரு கேள்வி. எவ்சேய் அழகான கையெழுத்தில் 'ஜார்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாளே ரொட்டி அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"யோவ், உனக்கு மூளை இருக்கா?" என்று கத்தினேன். "வேஷக்காரன்னு எழுதித் தொலைக்கக் கூடாதா?"

"வேஷக்காரங்க முப்பது பேர் இருக்காங்க அக்கா. ஜார் நான் ஒருத்தன்தானே?"

"வீட்ல உன் பொண்டாட்டி பெலகேயா இருமி இருமி சாகறா. அவளுக்கு உன் பெருமையவா ஊட்டுவே?"

அவர் தாடியைக் கோதிக்கொண்டே தரையைப் பார்த்தார். இன்னும் நாலு திட்டு திட்டினேன். பிறகு உட்கார்ந்து அட்டையைத் திருப்பித் தரச் சொல்லி மனு எழுதினேன்.

அரங்கக் குழு மதியம் ஒத்திகை அறையில் கூடியது. ஐந்து பேர்: இரண்டு கோரஸ் பாடகர்கள், ஊதுகொம்புக்காரர், திரை இழுப்பவர், தலைவர் தோழர் கரெவானோவ். தலைவர் அரண்மனை வாசலில் பன்னிரண்டு வருடம் காவல் நின்ற சிப்பாய். ஓபரா பார்த்ததே இல்லை. ஆனால் ஓபராவைப் பற்றி அவருக்கு நிறையக் கருத்து உண்டு. குளிரில் யாருக்கும் சட்டைக் கைக்குள்ளிருந்து கையை வெளியே நீட்ட மனசில்லை. அதனால் ஓட்டுப் போடுகிறவர்கள் எழுந்து நிற்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. முதல் இரண்டு விஷயமும் அப்படியே எழுந்து, உட்கார்ந்து நிறைவேறின.

"மூணாவது," என்று குறிப்பு எழுதும் பெண் துஸ்யா வாசித்தாள். "தோழர் கொலுபாயெவுக்கு ரொட்டி அட்டைய திருப்பிக் குடுக்கறது."

"ஜாருக்கா?" என்றார் கரெவானோவ்.

"நடிச்சாருங்க, அவ்வளவுதான்," என்றேன்.

"பாடினானா?"

"இல்ல."

"பேசவாவது செஞ்சானா?"

"அதுவும் இல்ல. சும்மா நின்னார்."

"நிஜ ஜாரும் அதத்தானே அம்மா செஞ்சான்!"

குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு வந்த கோபத்தில், "அப்ப கண்ணால பாத்துட்டே முடிவு பண்ணுங்க," என்று வெளியே காத்திருந்த எவ்சேயை உடுப்பு அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பூச்சி அரித்த மேலங்கி, காகிதக் கூழ்க் கிரீடம். இடுப்புப் பட்டை இரண்டு சுற்று வந்தது, அவ்வளவு இளைத்திருந்தார்.

"என்னத்த அக்கா செய்யணும்?"

"பத்தொம்பது வருஷமா செஞ்சதையே செய்."

ஒத்திகை அறைக் கதவைத் திறந்தேன். எவ்சேய் உள்ளே போனார். அறை நடுவில் நின்றார். தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, வலது கையை மெல்ல உயர்த்தினார்.

கோரஸ்காரர்கள் இரண்டு பேரும் சட்டென்று எழுந்தார்கள். மேடையில் அந்தக் கை உயர்ந்தால் எழ வேண்டும் என்பது அவர்கள் காலுக்குப் பழக்கம். ஊதுகொம்புக்காரர் எழுந்து கன்னத்தை உப்பினார். திரை இழுப்பவர் எழுந்து இல்லாத கயிற்றைத் தேடினார். கரெவானோவ் மட்டும்தான் பாக்கி என்று பார்த்தால், மனிதர் குதிகாலோடு குதிகால் ஒட்டி, நெஞ்சை விறைத்து, தொப்பியைக் கையில் பிடித்து நின்றுகொண்டிருந்தார்.

பிறகு ஒவ்வொருவர் முகமாக வெளுத்தது. புரட்சிக் குழு ஜாருக்கு எழுந்து நின்றது என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

துஸ்யாவின் பேனா அந்தரத்தில் நின்றது. "தோழர் தலைவரே... என்னன்னு எழுதட்டும்?"

கரெவானோவ் தொப்பியைத் தலையில் வைத்தார், மறுபடி எடுத்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு பொண்ணே?" என்றேன். "மூணாவது விஷயத்துக்கு அஞ்சு பேரும் எழுந்து நின்னு ஓட்டுப் போட்டுட்டாங்க. ஏகமனதா நிறைவேறுச்சு. இல்ல, வேற எதுக்காவது எழுந்தீங்களா தோழரே?"

"இல்ல இல்ல!" என்று அலறினார் கரெவானோவ். "ஓட்டுக்குத்தான்! ரொட்டிக்குத்தான்! எழுதும்மா, சீக்கிரம் எழுது!"

துஸ்யா குனிந்து எழுதினாள். மை பாதி உறைந்திருந்ததால் நேரமானது. எவ்சேய் இன்னும் கையைத் தூக்கியபடியே நின்றார்; குழுவும் உட்காரவில்லை. மேலங்கியின் கனத்தை அந்த மெலிந்த கை தாங்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய்க் காதோடு சொன்னேன்: "போதும்யா, கைய இறக்கு. வலிக்கப் போவுது."

பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அந்த வேஷத்தில் எவ்சேய் வாயைத் திறந்தார்.

"தீர்மானத்துல முத்திரை குத்தட்டும் அக்கா," என்று உதடு அசையாமல் முணுமுணுத்தார். "இறக்கினா உக்காந்துடுவாங்க."