எல்லாம் இப்ப முகில்தான்

முதல் வெட்டு கணினித் திரையில் விழுந்தது. இரண்டாவது, கதிரவேலு சேரின் முழங்கைக்குக் கீழே. திரை வெடித்த சத்தத்தில் அவர் அலறியது, மேசைக்கடியில் கிடந்த ஜெயசுதனுக்குச் சற்றுப் பிந்தித்தான் கேட்டது. நல்லூர்க் கோயிலில் மத்தியானப் பூசை மணி அடித்துக்கொண்டிருந்தது. முகத்தில் லேஞ்சி கட்டிய நாலு பேர், நாலு வாள். 'பாதணிகளைக் கழற்றவும்' என்று கணக்காளர் கந்தோர் வாசலில் எழுதியிருந்ததைப் பார்த்து அவர்களில் ஒருவன் மட்டும் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தான். இப்போது உடைந்த கண்ணாடியின் மேல் நொண்டிக்கொண்டிருந்தான்.

"ஐஸ் கொம்பனிக் கணக்கு எந்தப் பெட்டிக்கையடா?" என்றான் முன்னுக்கு நின்றவன்.

மயிலிட்டியில் ஐஸ் கொம்பனி நடத்திய அண்ணனும் தம்பியும் பிரிந்து வழக்காடிக்கொண்டிருந்தார்கள். கணக்கு கோட்டுக்குப் போனால் தம்பி மறியலில் கம்பி எண்ணவேண்டியிருக்கும். கணினியை உடைத்தால் கணக்கும் உடையும் என்பது தம்பியின் நம்பிக்கை. அது கொஞ்சம் பழைய நம்பிக்கை. ஜெயசுதன் கந்தோர்க் கணக்குகள் முழுவதையும் போன மாரியிலேயே இணையத்துக்கு ஏற்றிவிட்டிருந்தான். நெருப்புப் பிடித்தாலும், வெள்ளம் வந்தாலும் கணக்குக்கு ஒரு கீறலும் விழாது என்று ஒரு பின்னேரம் முழுக்க சேருக்கு விளங்கப்படுத்தியிருந்தான். ஆட்களுக்கு விழக்கூடிய கீறல்களைப் பற்றி அந்த விளக்கத்தில் ஒன்றும் இருக்கவில்லை. சேர் ஒரேயொரு நிபந்தனைதான் போட்டார். "கிளவுட், கிளவுட் எண்டு என்ரை கந்தோருக்கை கதைக்கப்படாது. தமிழிலை சொல்லு." அன்றிலிருந்து அது முகில்.

"இதுக்கை ஒண்டுமில்லை அண்ணை," என்றான் ஜெயசுதன். "எல்லாம் இப்ப முகில்தான்."

"ஆரடா உவன் முகில்?"

விளங்கப்படுத்த வாயைத் திறந்தான். வாளின் பிடி தாடையில் இறங்கியது. முறிந்த பல்லும் விளக்கமும் ஒன்றாக வாய்க்குள் உருண்டன. அதற்குள் யன்னலடியில் நின்ற நொண்டி கத்தினான்: "அண்ணை, முன்னுக்குப் போட்டிலை பேரைப் பாருங்கோ!"

ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், ரியூசன் கொட்டிலின் நெற்றியில், கை கட்டிக்கொண்டு சிரிக்கும் ஆளுயரப் படம். இரசாயனவியல் - முகில் சேர்.

"ஆனா இரசாயனம் எண்டெல்லே கிடக்கு. கணக்கில்லையே," என்றான் இன்னொருவன்.

"படிப்பிக்கிறவங்கள் எல்லாம் ஒண்டுதான். வாங்கோடா."

போய்விட்டார்கள். கதிரவேலு சேர் வெட்டுப்படாத கையால் ஜெயசுதனின் சேட்டைப் பிடித்தார். "கதையாதை. கணக்குத் தப்பிட்டுது." முகில் சேரிடம் இரண்டு தரம் படித்து இரண்டு தரமும் கோட்டை விட்டவன் ஜெயசுதன். அந்த மனிசனுக்கு ஆராவது நாலு போடவேணும் என்று நல்லூரானிடம் நேர்ந்ததும் உண்டு. வரம் இவ்வளவு பிந்தி, இவ்வளவு கூராக வரும் என்று நினைத்திருக்கவில்லை. சேட்டு கிழியக் கிழிய அவர் பிடியை உதறிவிட்டு ஒழுங்கையைக் கடந்து ஓடினான்.

கொட்டிலில் பிள்ளைகள் வாங்குகளுக்கடியில் கிடந்தார்கள். முகில் சேரின் தலைமயிரைப் பிடித்து ஒருவன் மேசையில் அமத்தியிருந்தான். தோளிலிருந்து இரத்தம் வழிந்தது.

"கணக்கைத் தா!"

"எந்தக் கணக்கு தம்பி? இரசாயனத்து மூல் கணக்கோ?"

அடுத்த வெட்டு அவருடைய இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டு போனது. அவற்றுக்கிடையில் இருந்த சோக்குக் கட்டி தனியாகத் தெறித்து விழுந்தது.

"முகில் ஆளில்லை!" ஜெயசுதன் இரத்தத்தைத் துப்பினான். "அது மேலை இருக்கிறது அண்ணை! மேலை!"

நொண்டி அண்ணாந்து பார்த்துவிட்டுக் கூரைத் தகரத்தை வாளால் குத்தத் தொடங்கினான். ஜெயசுதன் போனை நீட்டினான். "இதுக்கை. எங்கை நிண்டும் திறக்கலாம்."

"அழிக்கலாமோ?"

"ஓம்." அழித்தாலும் முப்பது நாளைக்குத் திருப்பி எடுக்கலாம் என்பது இன்னொரு நன்மை. அதை அவர்கள் கேட்கவில்லை.

பெருவிரலை வைத்தான். போன் திறக்கவில்லை. விரல் முழுக்க இரத்தம். சேட்டில் துடைத்தான், சேட்டிலும் இரத்தம். திரும்ப வைத்தான். திறக்கவில்லை.

"ஒழுங்காத் துடையடா, விசரா!" பொறுமை கெட்ட ஒருவன் தன் முகத்து லேஞ்சியை உருவி, ஜெயசுதனின் விரலைத் தானே அழுத்தித் துடைத்தான். அரும்பு மீசை. நாடியில் ஒரு பழைய தழும்பு.

மேசையில் கன்னத்தை வைத்தபடியே முகில் சேர் அந்த முகத்தைப் பார்த்தார்.

"தேனுஜனெல்லே?" என்றார், வரவு எடுக்கிற அதே குரலில். "கொப்பர், கொம்மா சுகமோ?"

தேனுஜன் சேரைப் பார்த்தான். பிறகு ஜெயசுதனை. பிறகு வாங்குகளுக்கடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த முகங்களை, ஒவ்வொன்றாக. நொண்டி மெதுவாகப் போய்க் கொட்டிலின் வாசல் தட்டியை உள்ளுக்கிருந்து சாத்தினான். அவன் போன வழியெல்லாம் ஒரு காலின் சிவப்பு அடையாளம்.

ஜெயசுதனின் கைக்குள் போன் திறந்து, ஐஸ் கொம்பனிக் கணக்கு வெளிச்சமாகத் தெரிந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை.