தைரியமா வாங்க

துணி தேய்க்கும் ரோலர் சூடேற இரண்டு மணி நேரம் பிடிக்கும், அதற்காக மூன்று மணிக்கே மூட்டிவிடுவார்கள். நாங்கள் சூடேற முதலாளி இரண்டு நிமிடம்கூடத் தருவதில்லை. ஐந்து மணிக்கு ஷட்டர் ஏறும்போதே மூன்று ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகள் துவைத்த ஈரத்தோடு தள்ளுவண்டிகளில் குவிந்து கிடக்கும். இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, சுருக்கமில்லாமல் ரோலரின் வாயில் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் இருவர் கொதிக்கக் கொதிக்க வாங்கி மடிக்க வேண்டும். நிமிடத்துக்கு நாலு விரிப்பு. மூக்கில் சோப்புக் காரம் ஏறும். விடிந்து வெளிச்சம் வரும்போது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருக்கும்.

ஒரு முனையில் நான், எதிர் முனையில் என் நாத்தனார். ஊரில் இருந்தவரை எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒரே விரிப்பின் இரண்டு முனையைப் பிடிக்க ஆரம்பித்த பிறகுதான் சிரித்துப் பேசப் பழகினோம்.

"மெதுவா உதறு அண்ணி. எங்கம்மா மேல இருக்கிற கோபத்தையெல்லாம் துணி மேல காட்டுறியே."

"உங்கம்மாவுக்கு என்ன குறைச்சல்? நாம ரெண்டு பேரும் இல்லாத வீட்ல மகாராணி மாதிரி இருக்காங்க."

இங்கே என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. விவரம் என்றுதான் கூப்பிடுவார்கள். வந்து ஆறு வருஷமாகிறது. எந்த வங்கியில் கணக்குத் தொடங்கலாம், பணம் அனுப்ப எங்கே பிடித்தம் குறைவு, அறைக்கு முன்பணம் கொடுத்தால் எப்படி ரசீது வாங்குவது, மாத்திரையோடு மருந்துச் சீட்டையும் ஏன் எடுத்து வர வேண்டும், எல்லாம் என்னைத்தான் கேட்பார்கள். ஒரே கேள்விக்கு நூறு தடவை பதில் சொல்லி அலுத்துப்போய், ஒரு நாள் பதினோரு நிமிடம் பேசி, போனில் பதிவு செய்து ஊருக்கு அனுப்பினேன். அது கை மாறிக் கை மாறி, ஆள் பிடிக்கும் ஏஜென்ட்டின் மேசைக்கே போய்ச் சேர்ந்தது. தயங்கி நிற்பவர்களுக்கு அவன் அதைப் போட்டுக் காட்டினான். அதன் கடைசிப் பகுதி எனக்கு மனப்பாடம்.

"இன்சூரன்ஸ் கவலை வேணாம், சம்பளத்துல பிடிச்சு முதலாளியே கட்டிடுவாரு. பாஸ்போர்ட்டை ரூம்ல வைக்காதீங்க, மழை வந்தா ஒழுகுற ரூம். முதலாளிகிட்ட குடுத்துடுங்க, பீரோவில பத்திரமா இருக்கும். நம்ம பாஷை பேசுற மனுஷன், அண்ணன் மாதிரி. தைரியமா வாங்க."

பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். விமான நிலையத்துக்கே வந்து எங்கள் பெட்டியைத் தூக்கியவர் அவர். "சார் கீர்னு கூப்பிடாதீங்க, அண்ணேன்னு கூப்பிடுங்க" என்றவர். அந்நிய ஊரில் சொந்த பாஷையைக் கேட்டதும் உருகிப்போனோம். உருகிய கையோடு பாஸ்போர்ட்டை நீட்டினோம். என் குரலைக் கேட்டுத்தான் நாத்தனாரும் கிளம்பி வந்தாள்.

ரோலரின் வாய்க்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். துணி மடிந்து பட்டாலும் நின்றுவிடும். இப்படி ஒரு நாளைக்கு இருபது தடவை நிற்கிறதென்று போன மாதம் முதலாளி அதை வயரால் இழுத்துக் கட்டிவிட்டார். நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அன்று ஆறரை மணி இருக்கும். விரிப்பின் ஈர ஓரம் நாத்தனாரின் வலது கையில் சுற்றிக்கொண்டது. "அண்ணி" என்று ஒரே ஒரு சத்தம். பாய்லர் பார்க்கும் அண்ணன் ஓடி வந்து சுவிட்சை அடிப்பதற்குள் நாலு விரலும் உள்ளே போய்விட்டன. துணியிலிருந்து வந்த ஆவியில் என்ன வாடை இருந்ததென்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். ஒரு வாரத்துக்குள் தோல் ஒட்டும் அறுவை செய்யாவிட்டால் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பிறகு விரியவே விரியாது என்றார் டாக்டர். இன்சூரன்ஸ் அட்டையை நீட்டினேன். கவுண்டரில் இருந்த பெண் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பித் தள்ளினாள். அந்த எண்ணுக்கு ஒரு மாதம்கூடப் பணம் கட்டப்படவில்லையாம். நாத்தனார் வந்து பதினாலு மாதம். பதினாலு மாதமும் சம்பளத்தில் பிடித்தார்கள்.

மத்தியானம் முதலாளியின் அறையில் போய் நின்றேன். அவர் முன்னால் ஒரு தாளும் ஒரு விமான டிக்கெட்டும் தயாராக இருந்தன.

"நாளைக்குச் சாயங்காலம் பிளைட்டு. டிக்கெட் காசு என்னோடது. தனக்குப் பாக்கி எதுவும் இல்ல, விபத்து தன் கவனக்குறைவுன்னு ஒரு கையெழுத்து மட்டும் போடச் சொல்லு. போன்ல பேசிட்டே வேலை பார்த்தா இப்படித்தான் ஆகும்."

"எங்க போனையெல்லாம் வாசல்லயே வாளியில வாங்கி வச்சிடுறீங்களே அண்ணே. எந்தப் போன்ல பேசினா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்சூரன்ஸ் பணம் எங்க போச்சு?"

"கொஞ்சம் கஷ்ட காலம். சேர்த்துக் கட்டிடலாம்னு இருந்தேன்."

"ஆபரேஷன் இங்கதான் பண்ணணும். ஊர்ல போய் யார்கிட்ட நிப்பா? அவ பாஸ்போர்ட்டைக் குடுங்க."

"கையெழுத்துப் போட்டா ஏர்போர்ட்ல குடுப்பேன்."

"எந்தக் கையால போடுவா?"

"இடது கையில பெருவிரல் இருக்குல்ல?"

அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

"கோபப்படாதே விவரம். உன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. அடுத்த வாரம் பன்னெண்டு பேர் வந்து இறங்குறாங்க. எல்லாம் உன் குரலைக் கேட்டுட்டு வர்ற ஆளுங்க. உனக்குத்தான் நான் கமிஷன் குடுக்கணும்."

சிரித்தார். அந்தச் சிரிப்பு காதில் ஒலிக்க எங்கள் அறைக்கு வந்தேன். எட்டுக் கட்டில்கள் அடுக்கிய அறை. கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு நாத்தனார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வேலை முடிந்து வந்தவர்கள் பெண்களும் ஆண்களுமாகக் கூடிவிட்டார்கள்.

"அவன் கையைப் பிடிச்சு ரோலர்ல வைக்கணும்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவன் அலறுவதைக் காதால் கேட்க வேண்டும் போலிருந்தது.

"வை" என்றார் பாய்லர் அண்ணன். "நீ ஜெயிலுக்குப் போவ. அவன் ஆஸ்பத்திரிக்குப் போவான். அவனோட இன்சூரன்ஸ் ஒழுங்கா கட்டியிருக்கும்."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

"எங்க தட்டினா அவனுக்கு வலிக்கும்னு பாரும்மா" என்றார் பாய்லர் அண்ணன் மறுபடியும். "நம்மள அனுப்பிட்டா அடுத்த வண்டி ஆள் வரும்னுதானே ஆடுறான்?"

வருகிற ஆளெல்லாம் என் குரலைக் கேட்டுத்தான் வருகிறார்கள் என்று அவனே சொன்னானே. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதையே எல்லோரிடமும் சொன்னேன். என் மேல்தான் தப்பு என்று அழுதேன். நாத்தனார் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள்.

"அழுதது போதும் அண்ணி. நாளைக்கு வேலைக்கு என்னையும் கூட்டிட்டுப் போ. என்னால நிக்க முடியும்."

மறுநாள் ஐந்து மணிக்கு ஷட்டர் ஏறியது. வாளியில் ஒரு போன்கூட விழவில்லை. வாளியோடு நின்ற மேஸ்திரி ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, தன் போனை எடுத்துக்கொண்டு முதலாளிக்குச் சொல்ல வெளியே ஓடினார். ஈர விரிப்புகள் வழக்கம்போல் தள்ளுவண்டிகளில் நிறைந்திருந்தன. அவற்றை மூன்று மணி நேரத்துக்குள் ரோலரில் கொடுக்காவிட்டால் நாற்றம் பிடித்துவிடும், மறுபடி துவைக்க வேண்டும். பாய்லர் அண்ணன் நேராகப் போய் ரோலரின் சுவிட்சை அணைத்தார். ஆறு வருஷத்தில் அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. பக்கத்துத் தெருவில் பஸ் போகும் சத்தம்கூடக் கேட்டது.

போனை வாய்க்கருகில் வைத்தேன்.

"நான்தான் விவரம் பேசுறேன். முன்னாடி நான் சொன்னதுல கடைசிப் பாகத்தை அழிச்சிடுங்க. பாஸ்போர்ட்டை யார்கிட்டயும் குடுக்காதீங்க, நம்ம பாஷை பேசினாலும் குடுக்காதீங்க. நனையும்னா பிளாஸ்டிக் கவர்ல போட்டு இடுப்புல கட்டிக்கோங்க. இன்சூரன்ஸ் அட்டை கைக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்கு நீங்களே நடந்து போய் அந்த எண் உயிரோட இருக்கான்னு கேளுங்க. ஒண்ணும் எழுதாத தாள்ல கையெழுத்து வேணாம். அடுத்த வாரம் இங்க வர இருக்கிற பன்னெண்டு பேரும் வராதீங்க. முன்பணம் கட்டியிருப்பீங்க, தெரியும். தனித்தனியா போகாம பன்னெண்டு பேரும் சேர்ந்து ஏஜென்ட் வாசல்ல போய் நின்னு கேளுங்க. ஏன்னு காரணம் சொல்ல என் நாத்தனார் பேசுவா."

அவள் போனை இடது கையில் வாங்கிக்கொண்டாள். "என் வலது கை நாலு விரலும் வெந்து போச்சு" என்றாள். போனை மடிப்பு வேலை செய்யும் அக்காவிடம் நீட்டினாள். அந்த அக்கா தன்னிடம் பிடித்த மூன்று வருஷ இன்சூரன்ஸைச் சொன்னார். பாய்லர் அண்ணன், முதலாளி கம்பியை வயரால் கட்டியதைச் சொன்னார், கட்டியபோது தானும் பேசாமல் நின்றதையும் சேர்த்துச் சொன்னார். இருபத்திரண்டு பேரும் பேசினோம். முன்பு அனுப்பிய அத்தனை பேருக்கும் இதையும் அனுப்பினேன்.

ஆறரை மணிக்குள் போன் துடிக்க ஆரம்பித்தது. முதல் பதில் எனக்குத் தெரியாத ஒரு பெண்ணிடமிருந்து. "அக்கா, அந்தப் பன்னெண்டுல நானும் ஒருத்தி. மத்தவங்களைக் கூப்பிட்டிருக்கேன். பத்து மணிக்கு ஏஜென்ட் ஆபீஸ் வாசல்ல நிப்போம்." எல்லோருக்கும் கேட்கும்படி அதை மூன்று தடவை போட்டேன்.

முதலாளி ஏழு மணிக்கு வந்தார். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். ஒரு காதில் ஹோட்டல்காரர் போன், மற்றக் கையில் ஏஜென்ட் போன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும், வயிறு குளிர்ந்தது.

"மெஷினைப் போடுங்க! எல்லாரையும் போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடுவேன்!"

"கூப்பிடுங்க. அந்தக் கம்பியில கட்டியிருக்கிற வயரை நாங்க அவிழ்க்கல. அவங்களும் பார்க்கட்டும்" என்றார் பாய்லர் அண்ணன்.

முதலாளி ரோலரைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"ஏம்மா விவரம், ஊருக்கெல்லாம் சொல்றதுக்கு முன்னாடி, அண்ணன்னு நினைச்சு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நேத்திக்குக் கேட்டேனே. எங்களுக்கு அண்ணன் வேணாம் முதலாளி. இருபத்திரண்டு பாஸ்போர்ட் வேணும், அவளுக்கு ஆபரேஷன் வேணும்."

நான் அவரை முதலாளி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் இரண்டு போனையும் அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஷட்டரைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக நின்றார். சாயங்கால விமானத்துக்கு இன்னும் பத்து மணி நேரம் இருந்தது. பீரோச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது.

நாத்தனார் ஈர விரிப்பு மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். ரோலர் ஆறிக்கொண்டிருந்தது. அதை மறுபடி சூடேற்ற இரண்டு மணி நேரம் பிடிக்கும் என்பது அவருக்கும் தெரியும்.