பிச்சைமாடன் கல்மேடு

எங்கள் தலைமையாசிரியர் குமாரதாஸ் சாருக்கு தேசபக்தி பிடித்தது, நாடெல்லாம் உப்புக் காய்ச்சின மறு வருஷம். அதுவரை கோட்டும் டையுமாகத் திரிந்த மனிதர் ஒரே நாளில் கதர் ஜிப்பாவுக்கு மாறினார். மாசம் பிறந்தால் வெள்ளைக்காரத் துரை கையால் சம்பளம், மற்ற நாளெல்லாம் வெள்ளைக்காரனைத் திட்டுவது. சரி, அவர் பாடு, துரை பாடு. எனக்கென்ன வந்தது? அந்த பக்தியின் வேகத்தில் நான் டீச்சராக இருந்த மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், டீச்சர் எல்லாரையும் ஆரல்வாய்மொழிக் கோட்டை பார்க்க இழுத்துக்கொண்டு போனாரே, அதுதான் எனக்கு வந்தது.

கோட்டை என்றால் ராஜா குடியிருக்கிற கோட்டை இல்லை. அது ஒரு நெடுஞ்சுவர். பாண்டி நாட்டுப் பக்கமிருந்து படை வந்துவிடாமல் கடற்கரையிலிருந்து மலை வரைக்கும் அந்தக் காலத்தில் கட்டினது. சமவெளியில் பாதிச் சுவரை ஜனங்கள் பெயர்த்து மாட்டுத்தொழுவம் கட்டிவிட்டார்கள். மலை ஏறுகிற பாகம் மட்டும் இன்னும் நிற்கிறது. அதன் ஓரமாகவே ஏறி, உச்சியில் உள்ள கொத்தளத்தில் கட்டுச்சோறு தின்றுவிட்டு, பொழுது சாய்வதற்குள் இறங்குவது என்று ஏற்பாடு. வழி காட்ட நாராயணபெருமாள் என்று உள்ளூர்க்காரர் ஒருவர். வருகிறவர்களுக்கு மலை காட்டுவதுதான் அவருக்குப் பிழைப்பு. நல்ல வாய்.

எனக்குப் போக மனமே இல்லை. ஆனால் சத்தியநேசன் சார் கெஞ்சினார். மூன்றாம் வகுப்பு வாத்தியார். எனக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை. தை பிறந்தால் கல்யாணம். "நீங்க வரலைன்னா ஹெட்மாஸ்டர் தப்பா நெனைப்பாரு ஜெபகுமாரி. என் வேலை இன்னும் நிரந்தரமாகலைன்னு தெரியும்லா" என்றார். அவர் வேலை குமாரதாஸ் சார் ஒரு வார்த்தை சொன்னால் நிரந்தரமாகும், சொல்லாவிட்டால் ஆகாது.

எனக்கு ஏன் மனமில்லை என்பது அவருக்குத் தெரியும். நிச்சயத்துக்கு முன்னாலேயே சொல்லியிருந்தேன். மறைத்துக் கட்டிக்கொள்ள நான் என்ன மாட்டுத்தரகனா? என் அப்பாவுடைய பூட்டன் பெயர் பிச்சைமாடன். அந்தக் கோட்டை வாசலில் காவல் நின்றவர். கம்பெனிப் பட்டாளம் வந்தபோது மலைவழி காட்டிக் கொடுத்தவன் என்று பழி போட்டு அவரைக் கொன்றுபோட்டார்கள். எங்கள் வீட்டில் சொல்லுவது வேறு. பெரிய தலைகள் முந்தின நாளே மூட்டை கட்டி ஓடிவிட்டார்கள், வாசலில் மிஞ்சி நின்றவர் அவர் ஒருவர்தான், அதனால் அகப்பட்டவர் தலையில் பழி விழுந்தது என்பார் அப்பா. அதற்குப் பிறகுதான் குடும்பம் ஊரை விட்டு அருமனைப் பக்கம் போய், கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, பெயர்களை மாற்றிக்கொண்டது. அப்பா இன்றுவரை ஆரல்வாய்மொழி மண்ணை மிதித்ததில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு சத்தியநேசன் சார் சிரித்தார். "அதுக்கு இப்போ என்னவாக்கும்? உங்க பூட்டன் எனக்கும் பூட்டன்தான்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அவருக்குச் சம்மதம் சொன்னேன். வேறு இரண்டு இடம் வந்தது. அதில் ஒருவருக்கு மார்த்தாண்டத்தில் சொந்தக் கடை.

ஆரல்வாய்மொழிக் காற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏறுகிற வழியெல்லாம் அது சேலையைப் பிடுங்கியது. ராகேல் அக்கா, எங்கள் தையல் டீச்சர், சுவரைப் பிடித்துக்கொண்டே, "ஏட்டி, இந்தச் சொவரு படையத் தடுத்துச்சோ இல்லியோ, என்னை விழாமத் தடுக்கு" என்று சிரிக்கவைத்தாள். நானும் சிரித்தேன். பாதி மலை வரைக்கும் நாள் நன்றாகத்தான் போனது என்று சொல்ல வேண்டும்.

பாதி மலையில் சுவர் ஓரிடத்தில் இடிந்து வாய் பிளந்திருந்தது. அதன் பக்கத்தில் ஆள் உயரத்துக்குக் கல் குவிந்து கிடந்தது. நாராயணபெருமாள் நின்றார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"இதாக்கும் பிச்சைமாடன் கல்மேடு. கேட்டியளா, அந்தப் பய ஒரு கொடம் சக்கரக் காசுக்கு ஆசப்பட்டு வெள்ளக்காரனுக்கு இந்த வழியக் காட்டிக் குடுத்தான். இங்க வச்சுத்தான் அவன ஊருசனம் கல்லெறிஞ்சு கொன்னது. இந்தப் பக்கம் போறவன் வாறவன் ஆளுக்கொரு கல்லு எறியணும். வெறகு பெறக்க வாற பெண்ணுங்களும் எறிஞ்சிட்டுத்தான் போகும். எறியாமப் போனா மலையில வழி தப்பிரும்."

ஒரு குடம் சக்கரமாம்! பூட்டன் செத்தபிறகு அவர் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகக் கஞ்சிக்கு நின்றவள். குடமே இல்லாத வீட்டுக்குக் குடம் நிறையச் சக்கரம்! அந்த மனிதர் அந்தக் கல்லுக்கு அடியில்தான் கிடக்கிறார். நூறு வருஷத்துக்கு மேலாக இன்னும் எறிந்துகொண்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு இது தெரியுமா? தெரிந்துதான் இந்தப் பக்கம் வராமல் இருந்தாரா?

குமாரதாஸ் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "தேசத்துரோகிக்கு என் முதல் கல்!" என்று மேடைப் பிரசங்கம் மாதிரிச் சத்தம் போட்டு எறிந்தார். சம்பளம் வெள்ளைக்காரனிடம், கல் மட்டும் பிச்சைமாடனுக்கு. பிறகு ஒவ்வொருவராக எறிந்தார்கள். கல்லெறிகிறதைப் பற்றி ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்கிற கூட்டம் இது! ராகேல் அக்காகூட ஒரு சின்னக் கல்லைப் பொறுக்கிப் போட்டாள்.

"ஜெபகுமாரி டீச்சர், நீங்க?"

"நான் எறிய மாட்டேன் சார்."

"ஏன்? துரோகி மேல இரக்கமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சத்தியநேசன் சாரைப் பார்த்தேன். அவர் சண்டை போட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "விடுங்க சார், வெயில் ஏறுது, மேல போவோம்" என்று சொன்னால் போதும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

குமாரதாஸ் சார் அவர் தோளில் கை போட்டார். "என்ன ஓய், கட்டிக்கப் போறவ இப்படி முறுக்குதா? அப்போ நீரு ரெண்டு கல்லாப் போடும். உம்ம பேருக்கு ஒண்ணு, டீச்சர் பேருக்கு ஒண்ணு."

சத்தியநேசன் சார் என் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்தார். ஒரு கல்லை எடுத்து எறிந்தார். மறுபடியும் குனிந்தார்.

"இது டீச்சர் பேருக்கு!" என்று குமாரதாஸ் சார் கை தட்டினார். அந்தக் கல் மேட்டில் பட்டு, உருண்டு, மற்ற கல்லோடு கல்லாகப் போய்ச் சேர்ந்தது.

கூட்டம் மேலே ஏறியது. நான் நின்றுவிட்டேன். கொஞ்ச தூரம் போனபிறகு அவர் மட்டும் திரும்பி ஓடி வந்தார்.

"கோவமா? ஒரு கல்லுதானே ஜெபகுமாரி. அவரு சொல்லும்போ எப்பிடி மாட்டேங்க முடியும்? செத்தவருக்கு வலிக்கவா போகுது?"

"எனக்கு வலிக்குதே. என் பேருல எறிஞ்சியளே, அது எந்தக் கல்லு? அதை எடுங்க."

"இதுல எதுன்னு கண்டேன்? எல்லாம் ஒண்ணுபோலத்தான கெடக்கு?"

"அப்போ ஏதாவது ஒண்ணை எடுத்து அங்கிட்டுப் போடுங்க. அது போதும் எனக்கு."

அவர் கல்மேட்டைப் பார்த்தார். பிறகு மலைமேல் பார்த்தார். கூட்டம் இன்னும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. "பாத்தா என்ன நெனைப்பாங்க? வேலை நிரந்தரமாகட்டும். அப்புறம் நாம ரெண்டு பேருமா வந்து எல்லாத்தையும் எடுத்துப் போடுவோம், சத்தியமா" என்றார். பெயரைப் பாருங்கள், சத்தியநேசன்! பெற்றவர்களைச் சொல்ல வேண்டும்.

நான் விறுவிறுவென்று ஏறினேன். அவர் பின்னாலேயே மூச்சு வாங்க வந்தார்.

கொத்தளத்தில் இலை போட்டாகிவிட்டது. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் எல்லார் முன்னாலும் இருந்தன. சத்தியநேசன் சார் போய் குமாரதாஸ் சார் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை.

"எல்லாரும் கேளுங்க. பிச்சைமாடன் எங்க அப்பாவுக்குப் பூட்டன். அந்த ரத்தம்தான் எனக்கும். இன்னும் எறிய ஆசையிருக்கவங்க எறியலாம், நான் இங்கதான் நிக்கேன்."

நாராயணபெருமாள் எழுந்து நின்றுவிட்டார். ராகேல் அக்கா, "ஐயோ மக்கா, எனக்குத் தெரியாதே" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். குமாரதாஸ் சார் கிழங்கை விழுங்கிவிட்டு, தொண்டையைச் செருமி, "இது… சத்தியநேசன், உமக்கு இது முன்னமே தெரியுமா?" என்று கேட்டார்.

காற்று இலைகளைப் புரட்டியது.

"எனக்குத் தெரியாது சார்" என்றார் சத்தியநேசன்.

"அப்பாட்டச் சொல்லுதேன். நிச்சயச் சேலையை நாளைக்கே ஆள் வந்து வாங்கிக்கிடட்டும்" என்றேன் அவரிடம்.

அப்போதாவது என் முகத்தைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் குமாரதாஸ் சார் முகத்தைத்தான் பார்த்தார்.