வீட்டிலேயே மருந்து

சிவகாசியில் கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் அச்சடித்துக் கொடுக்கும் செய்யது அபுதாஹிரை ஐம்பத்து மூன்றாவது வயதில் இயற்கை விவசாயம் பிடித்துக்கொண்டது. மதுரையில் ரெண்டு நாள் மாடித்தோட்டப் பயிற்சிக்குப் போய் வந்தார். மூன்றாம் நாள் அவரே வாத்தியாராகிவிட்டார். ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்கு, தன் வீட்டு மொட்டைமாடியில், தெருக்காரர்களுக்கு இலவச வகுப்பு.

செடி வளர்க்கிற கை அவருக்கு இல்லை. பேசுகிற வாய் இருந்தது. அதற்கும் மேலே, சொந்தமாக ஒரு ஆப்செட் மிஷின் இருந்தது. மாடியில் உயிரோடு இருந்த செடி ஆறு, அடித்த நோட்டீஸ் ஆறாயிரம். இதைப் பின்னாளில் அவரே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். அப்போது அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

சித்திரை மாதம் மீன் அமிலம் பற்றிப் பாடம் நடத்தினார். மீன் கழிவையும் வெல்லத்தையும் சரிக்குச் சரி போட்டு இருபத்தோரு நாள் ஊறவிட்டால் செடிக்கு நல்ல உரம். ஊறும்போது உள்ளே வாயு சேரும். அதனால் தினமும் ஒரு தடவை மூடியைத் திறந்து மூட வேண்டும். “தினமும்! மறந்துறாதீக!” என்று மூன்று தடவை அழுத்திச் சொன்னார். வந்திருந்த எட்டுப் பெண்களும் தலையாட்டினார்கள்.

அவர் வீட்டுக் கேனில் சாளை மீன் ஊறிக்கொண்டிருந்தது. நாலாம் நாளே மனைவி சம்சாத் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

“ஏங்க, துணி காயப்போட மேல போக முடியல. ஒண்ணு அந்தக் கேன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்.”

அபுதாஹிர் பிரஸ்ஸில் பார்சல் ஒட்டுகிற டேப்பை எடுத்து வந்து மூடியைச் சுற்றி ஏழெட்டுச் சுற்று ஒட்டினார். நாற்றம் நின்றது. முகூர்த்த சீசன் வேறு. பத்திரிகை ஆர்டர் தலைக்கு மேல் கிடந்தது. கேனை அத்தோடு மறந்துபோனார்.

இடையில் அடுத்த வகுப்புக்கு நோட்டீஸ் அடித்து டீக்கடை, ரேஷன் கடை என்று ஊரெல்லாம் ஒட்டினார். வேப்பிலை, இஞ்சி, பூண்டு அரைத்துப் பூச்சி மருந்து செய்வது பாடம். தலைப்பில் ‘பூச்சி’யையும் போட்டால் எழுத்தைச் சின்னதாக்க வேண்டியிருந்தது. முப்பது வருஷமாகத் தொழில் செய்கிறவருக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. தூக்கிவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம், வெயில் உச்சியில் நிற்கும்போது கேன் வெடித்தது.

வேறு ஊராயிருந்தால் டயர் வெடித்தது என்று சொல்லித் திரும்பிப் படுத்திருப்பார்கள். சிவகாசியில் அப்படிப் படுக்க முடியாது. ஒரு நிமிஷத்தில் தெரு முழுக்க ஜனம். யாரோ போன் போட, தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே சப்-இன்ஸ்பெக்டர் உக்கிரபாண்டி ஜீப்பில் வந்து இறங்கினார். அவர் கையில் ஒரு நோட்டீஸ் இருந்தது.

“இது நீங்க அடிச்சதா, பாய்?”

“ஆமா சார்.”

“சத்தமா வாசிங்க.”

அபுதாஹிர் வாசித்தார். “வீட்டிலேயே மருந்து தயாரிப்போம். மொட்டைமாடியில் இலவசப் பயிற்சி. அனைவரும் வருக.”

வாசித்து முடிக்கும்போதுதான் அவருக்கே உறைத்தது. இந்த ஊரில் மருந்து என்றால் பட்டாசுக்குள் அடைக்கிற மருந்து. பிறந்து வளர்ந்த ஊரில், இது நினைவுக்கு வராமல் போயிருக்கிறது.

“சார், இது பூச்சி மருந்து சார்.”

“பூச்சி எங்க?”

“நான்தான் எடுத்துட்டேன் சார். எழுத்துப் பெருசா தெரியட்டும்னு…”

உக்கிரபாண்டி மாடியேறினார். ஏறிய வேகத்தில் பாதிப்படிக்குத் திரும்பி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே தண்ணித் தொட்டி, சுவர், கொடியில் கிடந்த சம்சாத்தின் சேலை எல்லாவற்றிலும் மீன். வெடிமருந்து இல்லை என்பதற்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. எழுதி வாங்கிக்கொண்டு, “பூச்சிய முதல்ல நோட்டீஸ்ல ஏத்துங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். தெரு வயிறு குலுங்கச் சிரித்தது. அபுதாஹிரும் சேர்ந்து சிரித்துவைத்தார்.

சிரிக்காமல் நின்றவள் எதிர்வீட்டு வீரலட்சுமி ஒருத்திதான். நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள்; அன்றைக்கு லீவு போட்டு வீட்டில் இருந்தாள். அவள் புருஷன் சங்கிலிமுத்துவும் அங்கே பார்த்தவர்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்த விபத்தில் ரெண்டு கையும் வெந்துபோய், இப்போது வீட்டோடு இருக்கிறார்.

சாயங்காலம் அபுதாஹிர் அவள் வீட்டு வாசலில் போய் நின்றார். வழியில் நாலு வாக்கியம் யோசித்து வைத்திருந்தார்.

“உள்ள வாங்க பாய்” என்றாள். அவள் காலில் துணி சுற்றியிருந்தது.

“கால்ல என்னம்மா?”

“சத்தம் கேட்டதும் செருப்புக்கூடப் போடாம ஓடிட்டேன். கம்பெனிக்குப் போற ரோட்டுல பாதித் தூரம் போயிட்டேன் பாய். இவுக இங்கன கட்டில்ல படுத்திருக்காகங்கிறதே எனக்கு ஞாபகம் வரல.”

நாலு வாக்கியத்தில் ஒன்றும் அபுதாஹிரின் வாயில் வரவில்லை. “என் தப்புதாம்மா” என்றார். கட்டிலில் இருந்து சங்கிலிமுத்துதான், “விடுங்க பாய். காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

வகுப்பை நிறுத்திவிடுவது என்று அன்று முடிவு செய்தார். மறுநாள் காலை ஏழு மணிக்கு மாடியில் இருபத்தாறு பேர் இருந்தார்கள். வெடித்த இடத்தைப் பார்க்க வந்தவர்கள். நிறுத்துவதற்கு வழியில்லை. ஊருக்குச் சொன்னதைத் தான் செய்யாமல் விட்டதை அபுதாஹிர் முதலில் இருந்து ஒன்றுவிடாமல் சொன்னார். டேப்பை எத்தனை சுற்று என்பது உட்பட.

“மூடி எதுக்குப் பாய்? வாயில துணியக் கட்டி நிழல்ல வைங்க, போதும்” என்றாள் கற்பகம். ஆமத்தூரில் தோட்டம் வைத்திருக்கிறவள். நாலு மாதமாகப் பின்வரிசையில் உட்கார்ந்து இவர் பேச்சைப் பொறுத்துக்கொண்டிருந்தவள். அபுதாஹிர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

கடைசிப் படியில் வீரலட்சுமி நின்றிருந்தாள்.

“பாய், கறிவேப்பிலை தொட்டியில வருமா?”

அவர் வாய் பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டார்.

“தெரியலம்மா. எனக்கு ரெண்டு தடவை பட்டுப்போச்சு. இந்தா ஒரு கன்னு இருக்கு, நீங்க வச்சுப் பாருங்க.”

அவள் கன்றை வாங்கிக்கொண்டு போனாள். ஐப்பசி மழைக்குள் அது சங்கிலிமுத்துவின் கட்டில் உயரத்தைத் தாண்டிவிட்டது. அபுதாஹிர் தனக்கென்று வைத்த மூன்றாவது கன்றும் பட்டுப்போனது. குழம்பு தாளிக்கிற நேரத்துக்குச் சம்சாத் எதிர்வீட்டுக்குப் போய் ரெண்டு இணுக்கு ஒடித்து வருகிறாள்.