கிடோங்கா வளைவில் வெட்டிப் போட்ட கிளைகள்

ஞாயிற்றுக்கிழமை மதியம் லுசாஜோ தொலைக்காட்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஏதோ ஒரு பழைய பயண நிகழ்ச்சியை சுவாஹிலிக் குரல் சேர்த்து ஓட்டினார்கள். வைக்கோல் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் ஜீப்பில் போகிறான். அவன் போவது, லுசாஜோ இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டிய அதே சாலை.

மிகுமி வனப் பூங்காவில் வரிக்குதிரைகளைக் காட்டி, அதிர்ஷ்டம் இருந்தால்தான் கண்ணில் படும் என்றான்.

"ஹாரன் அடிச்சாலும் நகராதுங்க அதுங்க. இவனுக்கு அதிர்ஷ்டமாம்."

பாயில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்த மனைவி துலி சிரித்தாள். சாலையோரம் வெங்காயம் விற்கிற பெண்களைப் பார்த்ததும் அவர் குரல் இளகியது. எந்தக் கடையில் நிறுத்துவார், எவள் எடை குறைத்துப் போடுவாள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அப்புறம் கிடோங்கா மலைச்சரிவு வந்தது. பதினாறு வருடத்துக்கு முன்னால் துலியின் தம்பி அம்பகிசே செத்தது அங்கேதான்.

அந்தச் சரிவில் லாரி நின்றுபோனால் டிரைவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எச்சரிக்கை முக்கோணத்தை வைத்தால் ஐந்து நிமிடத்தில் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான். அதனால் மரக்கிளைகளை வெட்டிச் சாலையில் போடுவார்கள். கிளை பச்சையாக இருக்க வேண்டும். வாடியிருந்தால், நின்ற லாரி எப்போதோ கிளம்பிப் போய்விட்டது என்று பின்னால் வருபவன் நினைத்துக்கொள்வான். மூன்று இடத்தில் போட வேண்டும். முதல் கட்டு இருநூறு காலடி தூரம் மேலே, வளைவுக்கு முன்னாலேயே கிடக்க வேண்டும். முப்பது டன் சுமையோடு இறங்குகிறவன் பிரேக்கை மட்டும் நம்ப முடியாது, சூடேறினால் அது பிடிக்காது. கிளையைக் கண்டதுமே கியரைக் குறைத்து, என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி விட்டால்தான் வளைவு தாண்டி நிறுத்த முடியும்.

அம்பகிசே செத்த அன்று அந்தச் சரிவில் லுசாஜோவின் லாரியில் பிரேக்கின் காற்றுக் குழாய் வெடித்துச் சக்கரங்கள் இறுகிவிட்டன. மேலே ஏறிப் போய் மூன்று இடத்திலும் கிளை போட்டார். காற்றில் கலையாமலிருக்க ஒவ்வொரு கட்டையும் நீலக் கயிற்றால் கட்டினார். பிறகு லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்த்தார். நாற்பது நிமிடம் கழித்து அம்பகிசேவின் லாரி வேகம் குறையாமல் வளைவைத் தாண்டி வந்தது. மச்சான் மேல் ஏற்றக் கூடாதென்று அவன் திருப்பினான். பள்ளத்தில் விழுந்தான்.

போலீஸ் மேலே போய்ப் பார்த்தபோது சாலையில் ஒரு இலைகூட இல்லை. லுசாஜோவின் லைசென்ஸை ஒரு வருடம் நிறுத்தினார்கள். அது போகட்டும். துலியின் வீட்டார் அவரை இழவு வீட்டுத் துக்கப் பாயில் உட்கார விடவில்லை. ஒவ்வொரு நினைவு நாளுக்கும் துலி தனியாகத்தான் பிறந்த ஊரான துக்கூயுவுக்குப் போய்வந்தாள். அவள் ஒருநாளும் அவரைப் பொய்யர் என்று சொன்னதில்லை. கிளை போட்டேன் என்று அவர் ஆரம்பித்தாலே, "விடுங்க" என்பாள். அந்த ஒரு சொல்தான் பதினாறு வருடமாக அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

திரையில் தொப்பிக்காரன் வளைவுக்கு மேலே ஜீப்பை நிறுத்தி இறங்கினான். சாலையில் கிடந்த கிளைக்கட்டைக் காலால் புரட்டினான். மரத்தை வெட்டி நடுரோட்டில் வீசியிருக்கிறார்கள், இவ்வளவு அழகான இடத்தை நாமாவது சுத்தம் செய்வோம் என்றது சுவாஹிலிக் குரல். அவனும் கூட்டாளியும் ஒவ்வொரு கட்டாகப் பொறுக்கி ஓரப் பள்ளத்தில் எறிந்தார்கள். நீலக் கயிறு தெளிவாகத் தெரிந்தது. கையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். கேமரா பள்ளத்தாக்கின் பக்கம் திரும்பியது. கீழ் வளைவில் ஒரு லாரியின் பின்பக்கம். பச்சைத் தார்ப்பாய், அதில் ஒரு வெள்ளைச் சதுரம்.

துலியின் கையிலிருந்து பீன்ஸ் நழுவியது.

"அது நம்ம தார்ப்பாய்ல நான் தச்ச ஒட்டு," என்றாள். "மாவு மூட்டைத் துணி."

லுசாஜோ எழுந்து நின்றார். திரையில் தொப்பிக்காரன் ஏதோ விடுதியில் உட்கார்ந்திருந்தான்.

"என் கிளையைத் தூக்கிப் போட்டுட்டு டீ குடிக்கிறான் பாரு."

துலி அதற்குள் தன் அண்ணனைப் போனில் கூப்பிட்டிருந்தாள். டிவியில் காட்டினார்கள், அவர் மேல் தப்பே இல்லை என்று அழுதுகொண்டே சொன்னாள்.

"போனை வை," என்றார் லுசாஜோ.

அவள் வைத்தாள்.

"பதினாறு வருஷமா நான் சொன்னேன். உன் காதுல விழல. ஊர் பேர் தெரியாத எவனோ காட்டினதும் விழுந்துடுச்சா?"

துலி சிதறிய பீன்ஸை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டாள். கடைசியில் தலை நிமிராமலே கேட்டாள்.

"சனிக்கிழமை நினைவு நாள். நீங்களும் வாங்க, சுபிரா அப்பா."

"வருவேன். அவன் கல்லறை முன்னால நிக்க எனக்கு உரிமை இருக்கு. நீங்க யாரும் குடுக்க வேண்டாம்." தொலைக்காட்சியை அணைத்தார். "ஆனா பஸ்ல உன் பக்கத்துல உக்கார மாட்டேன்."

"வேற எங்க உக்காருவீங்க?"

"டிரைவர் பக்கத்துல. ரோட்டுல கிளை கெடந்தா அது எதுக்குன்னு அவனுக்காவது தெரியும்."