பால்கனிப் பாசி

ஆய்வகத்தில் மெஷின் ஓட்டுவதால் மெஷின் அண்ணன் ஆகிவிட்டவர் முதலில் சிரிக்கத்தான் செய்தார்.

"பாசியம்மா, உன் வீட்டுப் பால்கனிக்கு பஸ் ஸ்டாண்டே தேவலாம் போலிருக்கே. பேசாம குடும்பத்தோட அங்க குடிபோயிடு."

ஆய்வகத்தில் அவளுக்குப் பாசியம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஊர் முழுக்கப் பாசியைக் கட்டித் தொங்கவிடுகிறவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? பாசிக்கு வேர் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. காற்றும் மழையும் கொண்டுவந்து போடுவதுதான் அதற்குச் சாப்பாடு. நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். அதை வலைப்பையில் அடைத்துக் கம்பங்களில் தொங்கவிட்டு, ஒரு பருவம் கழித்து இறக்கி, காயவைத்து மெஷினில் கொடுத்தால், அந்த இடத்துக் காற்றில் என்னென்ன உலோகம் இருந்தது என்று தெரிந்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான இடம் ஒன்றும் வேண்டுமல்லவா? அதற்கு அவள் தேர்ந்தெடுத்தது தன் வீட்டு மாடிப் பால்கனியை. பெரிய ரோடு தள்ளி இருந்தது, பக்கத்தில் புகைபோக்கி எதுவும் இல்லை, பின்பக்கம் முழுக்க மரங்கள். பை மாற்ற வெயிலில் அலைய வேண்டாம் என்பதும் ஒரு காரணம்தான். அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"எதையோ மாத்தி வச்சுட்டீங்க அண்ணே, எங்க பால்கனியில இவ்வளவு காரீயமா?" என்றாள். "இன்னொரு தடவை ஓட்டுங்க."

அவர் ஓட்டினார். மறுபடியும் அதே காரீயம், கொஞ்சமும் குறையாமல். அவர் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது.

"கொழந்தை இருக்கிற வீடாச்சேம்மா," என்றார்.

காரீயம் பெரியவர்களை விட்டாலும் குழந்தைகளை விடாது; நேராக மூளையில் போய் உட்காரும். இதை எத்தனையோ கூட்டங்களில் படம் போட்டு விளக்கியிருக்கிறாள். அப்போதெல்லாம் அது யாரோ பெற்ற பிள்ளைகள். இப்போது கண்முன் வந்து நின்றது தன் மகள். வாயாடி என்று பெயர் வாங்கியவள். இவளிடம் மாட்டிக்கொள்ளப் பயந்து பல்லிகூடச் சுவரேறி ஓடும் என்று அப்பன்காரன் கேலி செய்வான். கொஞ்ச காலமாக அந்த வாயாடி வாயைத் திறப்பதில்லை. தெரிந்த சொற்களே மறந்துபோனது போல விரலை நீட்டிக் காட்டுகிறாள். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்துக்கொள்கிறாள். டாக்டர் பூச்சி என்று சொல்லி மருந்து கொடுத்தார். பிள்ளைகள் ஒரு வயதில் அப்படித்தான் அடங்கும் என்று மாமியார் போனில் சொன்னார். நம்புவது சுலபமாக இருந்ததால் இவளும் நம்பினாள்.

மத்தியானம் சாப்பிடாமல் வீட்டுக்கு ஓடினாள். தெருவில் நின்று நாலாபக்கமும் பார்த்தாள். எவனோ எதையோ எரிக்கிறான், கண்ணில் பட்டால் அவனை உண்டு இல்லை என்று பண்ணிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்தாள். எங்கேயும் புகையைக் காணோம். வீட்டின் முன்சுவரில் தானாக முளைத்திருந்த பாசியைச் சுரண்டி எடுத்துக்கொண்டாள். தெருக்காற்றில் விஷம் இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஆய்வகத்துக்குத் திரும்பி, அதைச் சூட்டில் காயவைத்துக் கொடுத்தாள். மெஷின் அண்ணன் திரையைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"சுவர்ப் பாசி சுத்தமா இருக்கு," என்றார். நல்ல செய்தி சொல்கிற குரலாக அது இல்லை.

தெருவில் இல்லாதது பால்கனியில் இருக்கிறது. அப்படியென்றால் அது வெளியிலிருந்து வரவில்லை.

மெஷின் வாங்கியே சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. முந்தைய பருவங்களின் பாசியெல்லாம் காகித உறைகளில் அலமாரியில் கிடந்தன. பால்கனி உறைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். பழையதிலிருந்து ஒவ்வொன்றாக ஓட்டினார்கள். சுத்தம். சுத்தம். அடுத்ததும் சுத்தம். போன மழைக்கு முந்தின மழைக்காலத்து உறையில் காரீயம் தலைகாட்டியது. அதற்கடுத்ததில் கூடியது. அதற்கும் அடுத்ததில் இன்னும் கூடியது.

"அந்த மழை சமயத்துல வீட்ல புதுசா என்னம்மா நடந்துச்சு? பெயின்ட் கியின்ட் அடிச்சீங்களா?"

"எங்க வீட்டுக்கு எங்கண்ணே அடிக்கிறாரு? பெயின்டர் வீடுன்னு சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க, சுவரு அந்த லட்சணத்துல இருக்கு. ஊரான் வீட்டுக்குத்தான்..."

பேச்சு பாதியில் நின்றது.

அந்த மழைக்காலத்தில்தான் அவள் புருஷன் புது முதலாளியிடம் போனான். புதுக் கட்டடங்களுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தவன், அப்போதிலிருந்து பழைய பெரிய வீடுகளின் கதவிலும் ஜன்னலிலும் இருக்கிற பழைய வர்ணத்தைத் தேய்த்து எடுக்கிறான். அந்தக் காலத்து வர்ணத்தில் காரீயம் உண்டு என்பது இவளுக்குத் தெரியாதா என்ன? பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள். வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மகராசிக்கு, வாசல் வழியாக உள்ளே வந்த சட்டையைப் பார்க்கத் தோன்றவில்லை. உடம்பெல்லாம் மாவு பூசினாற்போலத் தூசியோடு வருவான். வந்ததும் பால்கனியில் சட்டையைக் கழற்றி உதறுவான், பாசிப் பைக்குப் பக்கத்திலேயே. அங்கே உதறச் சொன்னதும் இவள்தான். வீடு சுத்தமாக இருக்க வேண்டுமாம். அந்தத் தரையில்தான் மகள் தவழ்ந்தாள், நடை பழகினாள், பொம்மையை உருட்டிவிட்டு அதே கையை வாயில் வைத்தாள்.

"இன்னிக்கே கொழந்தைக்கு ரத்தம் எடுத்துப் பாரும்மா," என்றார் அண்ணன். "தள்ளிப் போடாத."

"இருந்துச்சுன்னா?"

அவர் துணியை எடுத்து, துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார்.

புருஷனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. குழந்தைகள் காப்பகத்துக்கு ஓடினாள். அங்கே ஆயா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"இப்பதானே அவங்க அப்பா வந்து தூக்கிட்டுப் போனாரு. வேலை சீக்கிரம் முடிஞ்சிருச்சாம்."

எந்தக் கைகளில் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவாளோ அந்தக் கைகளை நினைத்தே இன்று பயந்தாள். இப்படி ஒரு பயம் எதிரிக்கும் வரக்கூடாது.

வீட்டு வாசலுக்கு அவள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அவன் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தான். மகள் அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னம் சட்டையில் அழுந்தியிருந்தது.

"நில்லுங்க. உள்ள போகாதீங்க."

"ஏன், உன் பாசிக்கு அம்மை போட்டிருக்கா?"

படியில் நின்றபடியே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். முன்னுக்குப் பின்னாகத்தான் வந்தது. அவன் பாதிவரை புன்னகையோடு கேட்டான். பிறகு குனிந்து தன் சட்டையைப் பார்த்தான், மகளின் கன்னத்தைப் பார்த்தான். இமை மயிரில்கூட வெள்ளையாக ஒட்டியிருந்தது. துடைத்துவிடக் கையைத் தூக்கியவன், அந்தக் கையையும் பார்த்துவிட்டுக் கீழே இறக்கிக்கொண்டான்.

"அப்ப நான்தானா?" என்றான்.

"என்கிட்ட குடுங்க."

அவன் மகளைத் தோளிலிருந்து மெல்லப் பிரிக்கப் பார்த்தான். அவள் கண்ணைத் திறக்கவில்லை. சிணுங்கிக்கொண்டே அவன் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சட்டைக்குள் முகத்தை இன்னும் ஆழமாகப் புதைத்தாள்.