கீழறையின் ஈரம்

புது வீட்டின் சாவி கைக்கு வர ஒரு வாரம் இருக்கும்போதுதான் உமைமா அந்தச் சுவரைக் கவனித்தாள். கீழறையில், சுவிட்ச் போர்டுக்கு மேலே, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. விரலால் அழுத்தினாள். பால் ஏடு போல நழுவிவந்தது.

அந்த அறை அவள் மாமியார் ஹலீமா பீக்காகக் கட்டியது. முட்டி தேய்ந்துபோன அவரால் படி ஏற முடியாது. ஆம்பூரில் அவர்கள் குடியிருந்ததோ மாடி வீடு. டாக்டரிடம் போவதற்குக்கூட அவரை நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கி இறக்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் உமைமாவின் கணவன் தன்சீல் அகமது ரியாத்தில் வேலை பார்த்து இந்த வீட்டை ஆரம்பித்தான். கட்டும் பொறுப்பைத் தன் பள்ளித் தோஸ்த் நவநீதனிடம் விட்டிருந்தான். அடுத்த மாதம் தன்சீல் லீவில் வருவதற்குள் குடிபோய்விட வேண்டும் என்பது ஏற்பாடு.

உமைமா சுவரைக் காட்டியபோது நவநீதன் சிரித்தான்.

"புதுச் சுவரு அப்டித்தான் தங்கச்சி. காய்ஞ்சா சரியாப் போய்டும்."

மறுநாள் அந்த இடத்தில் மறுபடி பெயிண்ட் அடித்திருந்தார்கள். இரண்டே நாளில் அதுவும் உப்பியது. மேலே இருக்கும் பாத்ரூமில்தான் கோளாறு என்று அவளுக்குத் தோன்றியது. அங்கே தண்ணீர் கட்டி, கசிகிறதா பார்க்கலாமா என்று கேட்டதற்கு, டைல்ஸ் போட்ட பிறகு யாரும் அப்படிச் செய்வதில்லை என்றான் நவநீதன். போனில் தன்சீலும் சலித்துக்கொண்டான். நவநீதன் எனக்குக் கெடுதல் செய்ய மாட்டான், நீ எதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பாய் என்றான். அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் மாமியார் ஈரக் கையோடு சுவிட்சைத் தடவித் தேடுவது போலவே நினைப்பு ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை பெயிண்டர்கள் சாப்பிடப் போனதும் அவள் மேலே ஏறினாள். பாத்ரூமில் தண்ணீர் போகும் துளையைத் துணி வைத்து அடைத்தாள். குழாயைத் திறந்துவிட்டு, கணுக்கால் நனையும் வரை தேக்கினாள். பிறகு கீழே வந்து, கவிழ்த்த பெயிண்ட் வாளிமேல் உட்கார்ந்து சுவரையே பார்த்தாள்.

வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். வீணாக ஒருவனைக் குறை சொல்லிவிட்டோமோ என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. துணியை எடுத்துவிடலாம் என்று எழுந்தபோது, சுவிட்ச் போர்டின் அடி விளிம்பில் ஒரு சொட்டு நின்று பளபளத்தது. அது விழுந்தது. அடுத்தது திரண்டது.

உடனே நவநீதனுக்கு போன் செய்தாள்.

அவன் வந்ததும் நேராக மேலே ஓடித் துணியைப் பிடுங்கிப் போட்டான். இறங்கி வரும்போது முகம் சிவந்திருந்தது. அவள்தான் தண்ணீரை ஊற்றி வீட்டைக் கெடுத்துவிட்டாள் என்று கத்தினான். அங்கேயே தன்சீலை வீடியோ காலில் கூப்பிட்டு அதையே சொன்னான். கேட்காமல் ஏன் செய்தாய் என்று தன்சீல் அவளைத் திட்டினான். சாப்பிட்டுத் திரும்பியிருந்த பெயிண்டர்கள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். உமைமாவுக்குக் காது சுட்டது. அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைக் காட்டினாள்.

"அண்ணா, இந்த ரூம் லைட்ட மட்டும் ஒருவாட்டி போடுங்க. நான் சாவி வாங்கிக்கறேன்."

நவநீதன் விறுவிறுவென்று போய்க் கையை நீட்டினான். போர்டுக்கு அருகே போன விரல் அப்படியே நின்றது. சுவிட்சின் இடுக்கிலிருந்து தண்ணீர் கசிந்து அவன் கண்ணெதிரே வழிந்தது. அவன் கையை இழுத்துக்கொண்டான்.

"இன்னாடா, போட்டியா?" என்று போனில் தன்சீல் கேட்டான்.

நவநீதன் போனைச் சுவர் பக்கம் திருப்பினான். வழியும் தண்ணீரைத் தன்சீலும் பார்த்தான். பிறகு, "அம்மா அந்த ரூம்ல படுக்கணும்டா," என்றான்.

நவநீதன் வெளியே போய் மெயினை அணைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தான். தன்சீல் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், பாத்ரூம் தரையில் பூசிய வாட்டர் ப்ரூஃப் காய்வதற்கு முன்பே டைல்ஸ் ஒட்டச் சொன்னதாக மெதுவாக ஒப்புக்கொண்டான். முதல் கொப்புளத்தைப் பார்த்தபோதே தெரியும் என்றான். அதைச் சொல்லும்போது அவன் உமைமாவைப் பார்க்கவில்லை.

மறுநாளே டைல்ஸை உடைத்தார்கள். நனைந்த ஒயரையெல்லாம் உருவினார்கள். தன்சீல் லீவில் வந்து, மாடி வீட்டிலேயே தங்கி, புது வீட்டில் ஒரு நாள்கூடப் படுக்காமல் திரும்பிப் போனான். இருந்த நாட்களில் அவனும் நவநீதனும் வேலை நடக்கும் இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள், பேச்சு மட்டும் கம்மியாக இருக்கும். விமானத்துக்குக் கிளம்பும்போதுதான் தன்சீல் உமைமாவிடம், "உன்ன அன்னைக்கு அப்டிப் பேசியிருக்கக் கூடாது," என்றான். அவள் அவன் பெட்டியின் ஜிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

வேலை முடிந்ததும் நவநீதனே பாத்ரூமில் தண்ணீர் கட்டிவிட்டு அவளைக் கூப்பிட்டான். சுவர் காய்ந்திருந்தது. இன்னும் ஒரு நாள் இருக்கட்டும் என்றாள். அவன் மறுக்கவில்லை. ஒரு நாள் கழித்தும் சுவர் காய்ந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை புது வீட்டுக்குக் குடிபோக ஹலீமா பீயைக் கடைசி முறையாக நாற்காலியில் வைத்து மாடிப்படியில் இறக்கினார்கள். ஒரு பக்கம் பிடித்தவன் நவநீதன்.